ஈரம் படாத குவியல்

என் தங்கையை மில்லில் எல்லோரும் ‘பூஞ்சை டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி கேலி, பாதி மரியாதை. அவள் டாக்டர் இல்லை. கல்லூரியில் மூன்று வருடம் நுண்ணுயிரியல் படித்தாள். படித்து முடித்த கையோடு, கோழிக்கும் வாத்துக்கும் தீவனம் அரைக்கிற எங்கள் மில்லின் சோதனை அறையில் சேர்ந்தாள். ஆறு வருடம் ஆகிறது. நான் அதே மில்லில் லாரி ஓட்டுகிறேன், எட்டாவதோடு நின்றவன். அங்கே ஓர் ஆள் தேவைப்படுகிறது என்று வீட்டில் வந்து சொன்னது நான்தான். எங்கள் குடும்பத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் அவள். அந்தக் கோட்டு கழுத்துப் பக்கம் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

அம்மாவுக்கு அவள் வேலை இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. “எல்லா வீட்லயும் பூஞ்சை பிடிச்சதைத் தூக்கிப் போடுவாங்க. இவ அதைத் தேடிப் போய்ச் சம்பளம் வாங்குறா” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

வேலை இதுதான். மழையில் நனைந்த மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையைக் கொன்றுவிடலாம். ஆனால் அது உயிரோடு இருந்தபோது தானியத்துக்குள் விட்டுப்போன விஷம் அப்படியே கிடக்கும். கழுவினாலும் தீராது, வேகவைத்தாலும் தீராது. கண்ணுக்குத் தெரியாது, நாற்றமும் கிடையாது. அவள் சேர்ந்த புதிதில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர், மோந்து பார்த்தே சொல்ல முடியாதா என்று கேட்டாராம். “மோந்து சொல்ல முடியும்னா ஒரு நாயைக் கட்டிப் போட்டிருப்பாங்க, என்னை எதுக்கு எடுத்தாங்க?” என்று கேட்டிருக்கிறாள்.

முன்பெல்லாம் விஷம் ஏறிய சோளத்தைக் குழி தோண்டிப் புதைப்போம். மூன்று வருடத்துக்கு முன் அவள்தான் மேனேஜரிடம் பேசிப் பேசி ஒரு பொடியை வாங்க வைத்தாள். மண்ணில் வாழ்கிற ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதி அது. வாயில் போட்ட சோற்றை நம் எச்சில் கரைப்பதுபோல, இந்த நொதி அந்த விஷத்தை மட்டும் தேடிப் பிடித்து உடைத்துப் போட்டுவிடும் என்று எனக்கு விளக்கினாள். ஆனால் அதற்கு ஈரம் வேண்டும். உலர்ந்திருக்கும்வரை தூங்குகிற மாதிரிக் கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால்தான் எழுந்து வேலை பார்க்கும். ஆகவே உடைத்த சோளத்தைக் குவியலாகக் கொட்டி, பொடி கலந்து, மேலே கட்டியிருக்கும் குழாய்களால் தண்ணீர் தெளித்து, பதினான்கு மணி நேரம் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். பிறகு சூடான காற்றில் உலர்த்துவார்கள். அந்தச் சூட்டில் நொதியும் செத்துப்போகும். அதற்குள் விஷம் போயிருக்கும்.

போயிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் தங்கை. அவள் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் ஒரு மூட்டையும் என் லாரியில் ஏறாது.

முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி வாத்து வளர்க்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். எங்கள் மில்லில் அவருக்கு ‘வாத்தக்கா’ என்று பெயர். தனி மனுஷி, குளத்தை ஒட்டி இரண்டு கொட்டகை போட்டுப் பிழைப்பவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறெங்கோ வாங்கிய தீவனத்தால் அவருடைய எழுநூறு குஞ்சுகளும் ஒன்பது நாளில் செத்துப்போயின. அந்த விஷத்தை மாடு கொஞ்சம் தாங்கும், கோழி கொஞ்சம் தாங்கும், வாத்துக் குஞ்சு தாங்கவே தாங்காது. அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்தார். சோதனை அறை வாசலில் நின்று, உள்ளே வராமல், ஒவ்வொரு குடுவையாகப் பார்த்தார். என் தங்கை அவரை உட்கார வைத்து எல்லாம் விளக்கினாள். கடைசியில், “என் சீட்டு இருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்கக்கா” என்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இந்த வருடம் மழை நிற்காமல் பெய்தது. வந்த சோளம் எல்லாமே மோசம். ஒரு திங்கட்கிழமை மூடிய குவியலை மறுநாள் உலர்த்தி, புதன்கிழமை காலை அரைத்தார்கள். ஏழு மணிக்கு என் தங்கை வழக்கம்போல குவியலின் ஐந்து இடத்தில் ஐந்து கைப்பிடி எடுத்தாள். அரைத்து, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் புதுச் சரக்கு வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து, விஷத்தின் அளவைக் காட்டும் சோதனைப் பட்டையைக் குடுவையில் நனைத்தாள். ஆறு என்று வந்தது. வாத்துக் குஞ்சுக்கு எங்கள் மில்லில் பத்து வரை போகலாம். கையெழுத்துப் போட்டாள். ஒன்பது பத்துக்கு இருபத்துநான்கு மூட்டை ஏற்றினேன். பத்தே முக்காலுக்கு வாத்தக்காவின் கொட்டகையில் இறக்கினேன். அறுநூறு குஞ்சு, பிறந்து ஐந்து நாள். கூட்டமாக மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றை என் கையில் தூக்கிக் கொடுத்தார். ஒரு கைப்பிடி பஞ்சு மாதிரி இருந்தது.

திரும்பி வந்து பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாட்டு ஷெட்டில் நானும் தங்கையும் உட்கார்ந்தோம். எதிரே சோளம் உலர்த்தும் இயந்திரத்தை ஓட்டுகிறவர். சூடான காற்றோடு வேலை என்பதால் அவருக்கு ‘வெயில்’ என்று பெயர். அன்று குஷியாக இருந்தார். நேற்று ஒரு மணி நேரம் கால் நீட்டித் தூங்கினதாகச் சொன்னார். சோளம் குவியலிலிருந்து வரும்போதே காய்ந்து வந்ததாம், காற்றைச் சூடாக்கவே வேண்டியிருக்கவில்லையாம், சும்மா ஓட்டி வெளியே தள்ளிவிட்டாராம். தினமும் இப்படி வந்தால் அவருக்குப் புண்ணியமாம்.

நான் சிரித்தேன். பக்கத்தில் என் தங்கை சிரிக்கவில்லை. வாய்க்குப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

“எந்தக் குவியல்ணா?” என்று கேட்டாள்.

திங்கட்கிழமைக் குவியல் என்றார். அவள் டப்பாவை மூடக்கூட இல்லை. எழுந்து நடந்தாள். பிறகு ஓடினாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே போனேன். முதலில் குவியல் போடும் கூடத்துக்குப் போய் ஏணி வைத்து ஏறி, தண்ணீர் தெளிக்கும் குழாய்களைத் திறந்துவிடச் சொன்னாள். எட்டுக் குழாயில் மூன்றில்தான் தண்ணீர் வந்தது. மற்ற ஐந்தின் வாயிலும் சோளத் தூசி சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது. ஏணியிலிருந்து இறங்கும்போது அவள் கால் ஒரு படி தவறியது. நான் பிடித்தேன்.

அறைக்குள் வந்து, காலையில் எடுத்த மாவில் மீதி இருந்ததை இரண்டாகப் பிரித்தாள். ஒன்றில் தண்ணீர் ஊற்றினாள். இன்னொன்றில் அலமாரியின் அடியிலிருந்து எடுத்த பழைய ஸ்பிரிட் பாட்டிலைக் கவிழ்த்தாள். முன்பு ஸ்பிரிட்டில்தான் சோதிப்பார்கள். போன வருடம் வந்த புதுப் பட்டைக்குத் தண்ணீரே போதும் என்று மாறிவிட்டார்கள். ஸ்பிரிட் பட்டால் நொதி அந்தக் கணமே செத்துவிடும், அதனால் மாவில் என்ன இருக்கிறதோ அதுதான் தெரியும் என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

ஸ்பிரிட் குடுவையில் பட்டை காட்டக்கூடிய அளவையே தாண்டிவிட்டது. நீர்க்க வைத்துப் பார்த்தாள். இருநூற்று அறுபது.

தண்ணீர்க் குடுவையில் உடனே பார்த்ததற்கு இருநூறு. பதினைந்து நிமிடம் கழித்து நூற்றுப் பத்து. அப்புறம் அறுபது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் இறங்கியது.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. குவியலுக்கு ஈரம் போகவில்லை. பொடி தூங்கியபடியே சோளத்தோடு கிடந்திருக்கிறது. சோளம் காய்ந்திருந்ததால் ‘வெயில்’ இயந்திரத்தில் சூட்டைப் போடவில்லை; அதனால் பொடி சாகவும் இல்லை. இவள் சோதனைக்குத் தண்ணீர் ஊற்றியதும் குடுவைக்குள் எழுந்து, இவள் வாசலுக்குப் போய்விட்டு வந்த ஒன்றரை மணி நேரத்தில் குடுவையை மட்டும் சுத்தம் செய்திருக்கிறது. மூட்டைக்குள் விஷம் முழுசாக இருக்கிறது. சுத்தமான சீட்டோடு நான்தான் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

வாத்தக்காவுக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கொட்டகையில் இருந்தால் போனை வீட்டிலேயே வைத்துவிடுவார். ஏழு முறை போட்டோம்.

மேனேஜரிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் பயந்தவர். ஒரே நாளில் இரண்டு எண் வந்தால் எதை நம்புவது, பட்டையிலேயே கோளாறு இருக்கலாம், வெளி லேபுக்கு அனுப்பி நாளைக்கு முடிவு வந்ததும் பேசிக்கொள்ளலாம், நாமே முந்திக்கொண்டு சொன்னால் மில்லின் பெயர் என்னாவது என்றார்.

“குஞ்சு நாளைக்கு வரைக்கும் பொறுக்காது சார்” என்றாள். குரல் உயரவில்லை. பதிவேட்டில் காலையில் போட்ட கையெழுத்தின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதி, அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவர் எங்களைத் தடுக்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

ஒன்று ஐம்பதுக்குக் கிளம்பினோம். பழைய இருப்பிலிருந்து நல்ல தீவனம் நான்கு மூட்டை, ஸ்பிரிட் பாட்டில், பட்டைப் பெட்டி, ஒரு தராசு. வழியில் அவள் பேசியது கொஞ்சம்தான். வாத்தக்கா எத்தனை மணிக்குத் தீனி போடுவார் என்று கேட்டாள். ஏழு, பதினொன்றரை, நாலு என்றேன். அப்படியென்றால் ஒரு வேளை போயிருக்கும் என்றாள். பழைய மூட்டையில் மிச்சம் இருந்திருக்கலாம் என்றேன். காலையில் அங்கே காலி மூட்டையை மடித்து வைத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

ரயில் கேட் மூடியிருந்தது. பதினோரு நிமிடம். இன்ஜினை அணைத்தேன்.

“இப்ப திரும்பிப் போயிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சுணா” என்றாள்.

“எனக்கு ரெண்டு நிமிஷம் தோணுச்சு” என்றேன்.

அதற்கு அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மூன்று ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாத்தக்கா கொட்டகை வாசலில் நின்றிருந்தார். காலையில் போன லாரி மத்தியானம் ஏன் திரும்ப வருகிறது என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. என் தங்கை இறங்கி நேராகப் போய், ‘நல்லா இருக்கீங்களா’ என்றுகூடக் கேட்காமல், “அக்கா, காலைல வந்த தீனியில விஷம் இருக்கு. தப்பு என்னோடது. போட்டுட்டீங்களா?” என்றாள்.

வாத்தக்கா திரும்பிக் கொட்டகைக்குள் பார்த்தார். குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. சில தூங்கின. எது தூக்கம், எது மயக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. பதினொன்றரைக்குப் போட்டுவிட்டார். நாலு மணிக்குப் போட வாளியில் ஊறப்போட்டும் வைத்திருந்தார்.

ஊறப்போட்டு. அந்தச் சொல்லை என் தங்கை பிடித்துக்கொண்டாள். காலைத் தீனியும் ஊறினதுதானா என்று கேட்டாள். ஆமாம், சின்னக் குஞ்சுக்கு உலர்ந்த மாவு தொண்டையில் அடைக்கும், வெந்நீரில் குழைத்து முக்கால் மணி நேரம் வைத்துத்தான் கொடுப்பேன் என்றார். தொட்டியில் மிச்சமிருந்த கூழை நான் குனிந்து காட்டினேன். இதைச் சோதித்துப் பார்த்துவிடலாமே என்றேன். ஈரத்தில் பொடி விழித்திருக்கும், விஷத்தை உடைத்திருக்கும் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பிவிட்டது.

அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். “அது நாலு மணி நேரமா ஈரத்துல கிடக்கு. அதுல பார்த்தா நல்ல நம்பர்தான் வரும். காலைல நான் ஏமாந்தது அப்படித்தான். குஞ்சு தின்னப்ப என்ன இருந்துதோ அது வேணும்.”

எனக்கு அந்த இடத்தில் அவளைப் பார்க்க பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நல்ல எண் கைக்கெட்டும் தூரத்தில் தொட்டியில் கிடக்கிறது. அதைத் தொட மாட்டேன் என்கிறாள்.

மூட்டையைப் பிரித்து உலர்ந்த மாவு எடுத்தாள். வாத்தக்கா எவ்வளவு வெந்நீர் ஊற்றுவாரோ அதே பாத்திரத்தில், அவர் கையாலேயே ஊற்றச் சொன்னாள். நான் கடிகாரம் பார்த்தேன். நாற்பத்தைந்து நிமிடம் மூன்று பேரும் குத்துக்காலிட்டு அந்தக் கூழைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். இடையில் கால்நடை டாக்டருக்குப் போன் செய்தாள். இதற்கு மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது, அந்தத் தீனியை நிறுத்து, நல்ல தீனியும் நல்ல தண்ணீரும் கொடு, நான்கு நாள் தாண்டினால் பிழைக்கும் என்றார் அவர். நேரம் ஆனதும் ஒரு கரண்டி கூழை ஸ்பிரிட்டில் போட்டு நிறுத்தினாள். பட்டையை நனைத்தாள்.

ஐம்பத்தெட்டு.

இருநூற்று அறுபது இல்லை. பத்தும் இல்லை. வாத்தக்கா எண்ணைக் கேட்டார். சொன்னாள். அது சாகிற எண்ணா, பிழைக்கிற எண்ணா என்று கேட்டார்.

“தெரியலக்கா. வயித்துலயும் ஈரம் இருக்கு, பொடி அங்கயும் வேலை செய்யலாம். செய்யாமலும் போகலாம். தெரிஞ்ச மாதிரி பொய் சொல்ல மாட்டேன்.”

நல்ல தீவனத்தை இறக்கி வைத்துவிட்டு, இருபத்துநான்கு மூட்டையையும் திரும்ப ஏற்றினேன். வாத்தக்கா கை கொடுக்கவில்லை. கொட்டகைக்குள் போய்க் குஞ்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

வியாழக்கிழமை காலை என் தங்கை லீவு போட்டுவிட்டு வாத்தக்காவின் கொட்டகைக்கு பஸ் ஏறிப் போனாள். நான் லோடு முடித்து இரண்டு மணிக்குப் போனேன். நான்கு செத்திருந்தன. ஐந்தாறு நாள் குஞ்சில் ஒன்றிரண்டு சும்மாவே போகும் என்று வாத்தக்காவே சொன்னார். ஆனால் சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆறு. ஒரு குஞ்சு கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு காலை உதறியது. என் தங்கை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் எல்லாமே இப்படித்தான் ஆரம்பித்தது என்றார் வாத்தக்கா.

வெளி லேப் முடிவு வெள்ளிக்கிழமை மாலைதான் வந்தது. இருநூற்று எழுபது. மேனேஜர் காகிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அந்த இருபத்துநான்கு மூட்டையைப் புதைக்க ஆள் அனுப்பினார். வெயில் இரண்டு நாளாகச் சாப்பாட்டு ஷெட் பக்கமே வரவில்லை. என் தங்கைதான் அவரைத் தேடிப்போய், அவர் அன்று வாயைத் திறந்திருக்காவிட்டால் நாலு மணித் தீனியும் போயிருக்கும் என்று சொல்லிக் கூட்டி வந்தாள்.

சனிக்கிழமை இரண்டு. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் விடிந்ததும் போனோம். வாத்தக்கா கொட்டகைக் கதவைத் திறக்காமல் வெளியே நின்றிருந்தார். திறக்க பயமாக இருக்கிறது என்றார். என் தங்கையும் கையை நீட்டவில்லை. நான் திறந்தேன். நாற்றம் இல்லை. சத்தம் வந்தது. தொட்டியைச் சுற்றி ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தின்ன இடம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன. தங்கையும் வாத்தக்காவும் தனித்தனியாக எண்ணினார்கள். ஐந்நூற்று எண்பத்தெட்டு. அன்று ஒன்றும் சாகவில்லை.

என் தங்கை சுவரோரமாக உட்கார்ந்து அழுதாள். வாத்தக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “குஞ்சு பிழைச்சுடுச்சு. உன்னை நம்புறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல” என்றார். அது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. அவளும் தலையாட்டினாள்.

இப்போது மில்லில் ஒவ்வொரு குவியலுக்கும் இரண்டு குடுவை. ஒன்று தண்ணீர், ஒன்று ஸ்பிரிட். இரண்டும் ஒத்துப்போனால்தான் சீட்டு. குழாய்களைத் தினமும் அவளே ஏறிப் பார்க்கிறாள். முன்பெல்லாம் கையெழுத்துப் போட ஒரு நொடி ஆகும். இப்போது பேனாவை எடுத்து, வைத்து, எண்ணை மறுபடி பார்த்து, அப்புறம் போடுகிறாள். லாரியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பதினெட்டு நாள் கழித்து வாத்தக்கா ஒரு வாடகை வண்டியோடு மில்லுக்கே வந்தார். சோதனை அறைக்குள் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “என் முன்னால செய், பார்க்கிறேன்” என்றார். என் தங்கை ஐந்து கைப்பிடி எடுத்தாள், அரைத்தாள், இரண்டு குடுவையிலும் ஊற்றினாள். வாத்தக்கா இமைக்காமல் பார்த்தார். தண்ணீரில் ஒன்பது வந்தது. ஸ்பிரிட்டில் பன்னிரண்டு.

வெளியே மூட்டைகள் தயாராக இருந்தன. ஏற்ற ஆள் நின்றிருந்தார். பன்னிரண்டுக்கும் பத்துக்கும் பெரிய தூரம் இல்லை.

“இல்லக்கா, இன்னிக்குக் கிடையாது” என்றாள்.

வாத்தக்கா எழுந்தார். ஸ்டூலைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தார். வந்த வாடகை வண்டியில் வெறுங்கையோடு திரும்பிப் போனார். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் வண்டியை உள்ளே விடும்போது, சோதனை அறை வாசலில் அவர் காத்துக்கொண்டிருந்தார்.